கரையில் நின்ற போர்த்துக்கல்

“நல்லூர்க் கோயிலை இடித்தவர்களின் மொழியையா ஐயா விரும்பிப் படிக்கிறீர்கள்?” என்று எம் மாணவர் ஆண்டுதோறும் கேட்பர். யாழ்ப்பாண இராச்சியத்தின் வீழ்ச்சியைக் கற்பிக்கும் கிழமையில் இக்கேள்வி தவறாது எழும். கேட்பவர் மாறுவர், கேள்வி மாறுவதில்லை. எம் அலுமாரியில் இரண்டு தட்டுகள் போர்த்துக்கேய நூல்களால் நிறைந்திருப்பது ஊரறிந்த செய்தி.

கேள்வி நேர்மையானது. 1619இல் பிலிப் டி ஒலிவேறா படையோடு வந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். நம் இறுதி மன்னனாகிய சங்கிலி குமாரன் சிறைப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாயிற்று. திருக்கோணேச்சரத்தின் கற்கள் கோட்டை மதிலுக்குப் போயின. 1658இல் ஒல்லாந்தர் வந்து துரத்தும்வரை நடந்தது நாற்பதாண்டுக்கும் குறைந்த ஆட்சியே. ஆயினும், விரதநாளில் உண்ட வாழையிலையைக் கூரையிற் செருகி மறைத்த பறங்கியர் காலத்துக் கதையை நாம் பாட்டியார் வாய்க் கேட்டே வளர்ந்தோம். இவற்றையெல்லாம் மறந்துவிட்டுத்தான் ஒருவர் போர்த்துக்கலை விரும்ப முடியுமெனின், அவ்விருப்பம் வெறும் மயக்கமேயாகும். நாம் எதனையும் மறக்கவில்லை.

இக்கேள்விக்கு எளிதான மறுமொழி ஒன்றைச் சிலர் வைத்திருக்கின்றனர். “குசினியிலே தாச்சியும் கோப்பையும், மண்டபத்திலே மேசையும் கதிரையும் வாங்கும், காலிலே சப்பாத்து, தோளிலே துவாய், சட்டைப்பையிலே லேஞ்சி, காலையிலே பாண், இத்தனை சொல்லையும் தந்தவர் அவரல்லரோ? அன்னாசியும் மிளகாயும் அவர் கப்பலில் வந்தவையல்லவோ?” என்பர். செய்தி சரியே. மிளகாய் இல்லாத யாழ்ப்பாணத்துக் கறியை நினைக்கவே நாக்கு மறுக்கிறது. ஆனால் தந்ததையும் பறித்ததையும் தராசிலிட்டு நிறுக்கும் இக்கணக்கு எமக்கு உடன்பாடன்று. கதிரைக்கும் கோயிலுக்கும் ஈடு பேசலாமோ?

அச்சொற்களுள் எமக்கு மிக விருப்பமானது ‘தோம்பு’. காணி வழக்கென்றால் நம்மவர் தோம்பைத் தேடுவர். அது போர்த்துக்கேயரின் ‘தொம்பு’. பதிவேடு என்று பொருள். லிஸ்பனிலுள்ள அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயரே ‘தோம்புக் கோபுரம்’ என்பதுதான். பழைய கோபுரம் 1755 நவம்பர் 1ஆம் நாள் நகரத்தை வீழ்த்திய பெருநிலநடுக்கத்தில் இடிந்தது. ஏடுகளோ இடிபாட்டினின்றும் மீட்கப்பட்டன. நம் வலிகாமத்து வேலிச் சண்டையில் அடிபடும் சொல்லொன்று அங்கே அரசாங்கக் கட்டடத்து வாயிலிற் பொறித்திருப்பதைக் கண்டபோது எமக்குச் சிரிப்பும் வந்தது. சிறிது நேரம் பேச்சு எழாமலும் இருந்தது.

ஆனால் எம்மை அம்மொழியினுள் இழுத்தது சொற்பட்டியலன்று. கடலைப் பார்த்துப் பேசும் பெண்ணொருத்தியே. பேராதனையிற் பயின்ற காலத்தில், ஐரோப்பிய இடைக்காலப் பாடல்களின் தொகுப்பொன்று நூலகத்திற் கைக்கு அகப்பட்டது. அதில் ‘காதலன் பாட்டு’ என்று பொருள்படும் ஒருவகைப் பாடல்கள் இருந்தன. 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில், போர்த்துக்கேயமும் அதன் வடக்கிலுள்ள கலீசிய மொழியும் ஒன்றாயிருந்த காலத்தில், பாடப்பட்டவை அவை. ஏறத்தாழ 500 பாடல்கள் இன்று எஞ்சியுள்ளன. பாடியவர் அனைவரும் ஆடவர். பாடலிற் பேசுபவளோ பெண். அவளுக்கு ஒரு தாய் உண்டு. தாய் காவல் வைப்பாள். தோழியர் உண்டு, அவரிடம் மனந்திறப்பாள். காதலன் சென்றுவிட்டான், வரவில்லை. அவள் அலைகளைப் பார்த்து அவனைக் கண்டீரோ என்று வினவுகிறாள்.

தமிழ் மாணவர் எவர்க்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டுமோ? தலைவி கூற்று, தோழி, இற்செறிப்பு, நெய்தல் நிலம், இரங்கல் உரிப்பொருள் ஆகிய அனைத்தும் அங்கே இருந்தன. தொல்காப்பியம் கேட்டறியாத ஒரு நாட்டில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பிந்தி, அதே பெண் அதே கரையில் நிற்கின்றாள். வேறுபாடும் இல்லாமலில்லை. நம் தலைவி நாரையிடமும் நண்டிடமும் நயமாகத் தூதுரைப்பாள். அவளோ ஓரடியையே சற்று மாற்றி மாற்றிப் பல்லவிபோலத் திரும்பத் திரும்பப் பாடுவாள். ஆடலுக்கும் இசைக்கும் அமைந்த பாட்டு அது. முதன்முறை படித்தபோது இவ்வளவு குறைவாகச் சொல்கிறாளே என்று தோன்றும். நான்காம் முறை படிக்கையில் அலையின் ஓசையே கேட்கும்.

இப்புலவருள் மார்த்தின் கோதாஸ் என்பவர் இன்று ஸ்பெயினுக்குட்பட்ட விகோக் கடலைப் பாடியவர். அவருடைய ஏழு பாடல்கள் எழுதிய தோலேடு 1914இல் மாட்ரிட் நகரத்துப் புத்தக வணிகரொருவர் கையிற் கிடைத்தது. சிசெரோவின் பழம்பிரதியொன்றைக் கட்டியபோது உள்தாளாக ஒட்டிவிட்டிருந்தனர்! ஏழில் ஆறுக்கு இசைக்குறியும் அதில் உண்டு. அதற்கு அடுத்த ஆண்டிலேதான் சௌரிப்பெருமாள் அரங்கனார் நம் குறுந்தொகையை முதன்முறையாக அச்சேற்றினார். இரண்டு கரைகளின் பெண்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உறக்கம் விழித்தனர் என்று நாம் வகுப்பிற் சொல்வதுண்டு. அரசரும் இப்பாட்டுப் பாடினர். 1279 முதல் 1325 வரை ஆண்ட தினிஸ் மன்னன் பாடியனவாக 137 பாடல்கள் உள. முடி தரித்த ஒருவன் ஏழைப்பெண்ணின் வாயாற் பேச விரும்பினான் என்பது எமக்குச் சிறிய செய்தியன்று.

இதன் பின்னர், கமோயிஸ் எழுதிய பெருங்காப்பியமாகிய ‘லூசியாடஸ்’ நூலை அச்சத்தோடுதான் எடுத்தோம். 1572இல் வெளிவந்த அந்நூல் வாஸ்கோ ட காமாவின் இந்தியப் பயணத்தைப் பாடுவது. முதற் செய்யுளிலேயே தப்ரபேன் என்ற பெயரால் நம் இலங்கை வந்துவிடும், வெற்றியின் எல்லைக்கல்லாக. வென்றவர் பாடிய வெற்றிப்பாட்டை வெல்லப்பட்டவரின் வழித்தோன்றல் படிப்பதெப்படி? பத்துக் காண்டங்களுள் பல பகுதிகளை நாம் பல்லைக் கடித்துக்கொண்டே படித்தோம் என்பதை ஒளிப்பானேன்?

நான்காம் காண்டத்தின் இறுதியிலே நிலை மாறுகின்றது. 1497 யூலை மாதம். ரெஸ்டெலோக் கரையிற் கப்பல்கள் பாய்விரிக்கின்றன. தாயரும் மனைவியரும் அழுகின்றனர். கூட்டத்தினின்று ஒரு கிழவர் முன்வருகிறார், பெயரில்லாதவர். புகழாசையையும் ஆட்சியாசையையும் நார்நாராகக் கிழிக்கிறார். வீரம் என்று நீங்கள் பெயரிடுவது பேராசையே என்கிறார். முதன்முதலில் மரத்திற்குப் பாய்கட்டிக் கடலில் விட்டவனையே சபிக்கிறார். கப்பல்கள் போய்விடுகின்றன. கவி அவருக்கு மறுமொழி எழுதவேயில்லை. பேரரசைப் பாட வந்த காப்பியம், அப்பேரரசின் வாயிற்படியிலேயே அதற்கொரு சாபத்தை வைத்துவிட்டது. கமோயிஸ் தாமே போரில் ஒரு கண்ணை இழந்தவர். கோவாவிற் பல்லாண்டு உழன்றவர். எழுதியதைக் கண்டு எழுதியவர். அக்கிழவரைச் சந்தித்த அன்று எமக்குள் இருந்த இறுக்கம் தளர்ந்தது. கப்பலிற் சென்ற போர்த்துக்கல் ஒன்று. கரையில் நின்ற போர்த்துக்கல் மற்றொன்று. நம்மிடம் வந்தது முன்னையது. நாம் விரும்புவது பின்னையதை.

கப்பலிற் போனவருள்ளும் கரையின் குரலைக் கேட்டவர் இருந்தனர். பெர்னாவோ மென்டெஸ் பின்டோ என்பவர் 1537இற் புறப்பட்டு இருபத்தோராண்டு கிழக்கே அலைந்தவர்; பதின்மூன்று முறை சிறைப்பட்டதாகவும் பதினேழு முறை விற்கப்பட்டதாகவும் தம்மைப்பற்றிச் சொல்பவர். அவர் பெயரையே திரித்து ‘பொய் சொல்கிறாயா?’, ‘ஆம், சொல்கிறேன்!’ என்று சிலேடையாக்கி அந்நாட்டார் சிரிப்பர். அவருடைய ‘பெரும்பயணம்’ என்ற நூலிற் சீனத்துத் தீவொன்றின் கோயில் கொள்ளையிடப்படும் பகுதி வருகின்றது. போர்த்துக்கேயத் தலைவன் இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டே நிற்க, அவன் ஆட்கள் வெள்ளியை அள்ளுகின்றனர். அங்கிருந்த முதிய துறவி, களவையும் வேண்டுதலையும் ஒரே மூச்சில் நடத்தும் இவர்களைக் கடிந்துரைக்கின்றார். அப்படியொரு தீவு இருந்ததோ என்றே ஆராய்ச்சியாளர் ஐயுறுவர். இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? நூல் அச்சானது 1614இல். நல்லூர் இடிபட்டது 1621இல். கோயிலைக் கொள்ளையிடுவோர்க்கு ஒரு கிழத்துறவி என்ன சொல்வார் என்பது ஏழாண்டுகளுக்கு முன்னரே போர்த்துக்கேய மொழியில் எழுதப்பட்டிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் இல்லாளோடு அந்நாட்டுக்குச் சென்றோம். லிஸ்பனில் முதலிற் சென்ற இடம் ரெஸ்டெலோக் கரை. இப்போது பெலேம் என்பர். மிளகு வணிகத்தின் வரிப்பணங்கொண்டு 1501இல் தொடங்கப்பட்ட பெருமடம் அங்கே இருக்கின்றது. அதன் கற்செதுக்கு வேலைப்பாடு கண்ணைப் பறிப்பது. கயிறும் கடற்பாசியும் பவளமும் கல்லிலே முறுகிக் கிடக்கும். நம் மிளகு அது என்ற நினைவு ஒருபுறம் உறுத்தினும், சிற்பியின் கையை வியக்காதிருக்க முடியவில்லை. ஆற்றங்கரையில் 1960இல் எழுப்பிய பெருநினைவுச் சின்னமொன்றும் உண்டு. கப்பல் முகப்பைப்போன்ற அதன் இருமருங்கும் காமா, மகெல்லன், அல்புக்கேர்க் என முப்பத்துமூவர் நிற்பர். கமோயிசும் பின்டோவுங்கூட நிற்கின்றனர். பெண்ணென ஓர் அரசி மட்டும். அவ்விடத்திலேயே நின்று சபித்த கிழவருக்கு அதில் இடமில்லை. நாம் அதனைச் சுற்றி வந்துவிட்டு, 1837 முதல் நடக்கும் பலகாரக் கடையில் முட்டைமஞ்சட் பாலேட்டுப் பணியாரம் இரண்டு தின்றோம். எம் இல்லாள் நான்கு தின்றார்.

உணவென்று வந்தமையால் ஒன்று சொல்லவேண்டும். ஆர்செனல் வீதியில் நடந்துகொண்டிருக்கையில் எம் இல்லாள் திடீரென நின்று, “இஞ்சாருங்கோ, இது எங்கடை பாசையூர்க் கருவாட்டு மணமெல்லோ!” என்றார். கடைக்குள்ளே பலகைபோல விறைத்த பெருங்கருவாடுகள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. கொட் மீன் அது. நம் பிள்ளைகளின் மூக்கைப் பிடித்து ஊட்டிய மீனெண்ணெய் அதன் ஈரலிலிருந்து வருவதே. போர்த்துக்கேயர் அதனைப் ‘பக்கல்யாவு’ என்பர். நம்பிக்கையான நண்பன் என்று செல்லப்பெயரும் இட்டுள்ளனர். வேடிக்கை யாதெனில், அந்நாட்டுக் கடலில் அம்மீனே இல்லை. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து அத்திலாந்திக்கைக் கடந்து நியூபவுண்ட்லாந்துவரை சென்று பிடித்தனர்; இக்காலத்திற் பெரும்பாலும் நோர்வேயிலிருந்து வருகின்றது. கத்தோலிக்கர் இறைச்சி நீக்கும் நாட்கள் ஆண்டில் மிகப்பலவாகையால், அந்நாட்களுக்கு இக்கருவாடே கைகொடுத்தது. நாம் விரதமென்றால் மச்சத்தைத் தள்ளுவோம். அவர்கள் விரதமென்றால் மச்சத்தைத் தேடுவர்!

நத்தார் முன்னிரவில் அவித்த பக்கல்யாவும் உருளைக்கிழங்கும் கோவாவும் ஒலிவெண்ணெய் வார்த்து உண்பது வழக்கம். நம் ‘கோவா’ என்ற பெயரும் அவர்களது ‘கோவ்’ என்பதே. அவ்விலையை மயிரிழையாக அரிந்து கிழங்குச் சாற்றிற் கொதிக்கவிடும் பச்சைச் சூப்பு ஒன்றுண்டு. இறைச்சித் துண்டு வேண்டாமென்று முன்னரே சொல்லிவிட்டால் சைவரும் உண்ணலாம். சோளப்பாணோடு அதனை உண்டபோது எமக்கு ஏனோ ஒடியற்கூழின் நினைவு வந்தது. சுவையால் அன்று, ஏழை வீட்டு நிறைவால். உறைப்பு மட்டும் போதாது. உலகமெங்கும் மிளகாயைக் கொண்டுபோனவர் தம் சட்டியில் அதனைக் கிள்ளியே போடுகின்றனர்.

பாடோ என்னும் அவர்தம் இரங்கற்பாட்டை உல்லாசப் பயணிகளுக்கான விடுதியிற் கேட்டோம், கரண்டியோசை மிகுந்திருந்தது. அமாலியா ரொட்ரிகசின் இசைத்தட்டே போதுமென்று வந்துவிட்டோம். பெசோவா, தம்முள்ளே பல புலவரைப் படைத்து ஒவ்வொருவருக்கும் பெயரும் வரலாறும் நடையும் தந்து எழுதி, பெட்டி நிறையத் தாள்களை விட்டு 1935இல் மறைந்தவர். அவரைப்பற்றித் தொடங்கினால் இப்பக்கம் கொள்ளாது. சரமாகோவை மட்டும் சொல்லாதிருக்க இயலாது. 1998இல் நோபல் பரிசு பெற்ற அவர், பரிசுரையைத் தம் பாட்டனாரிலிருந்தே தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர் அவர். பன்றிக்குட்டிகள் குளிரில் விறைக்காதிருக்கப் பாட்டியாரும் அவரும் அவற்றைத் தம் படுக்கையிலேயே கிடத்துவராம். இறுதியில் நோயுற்று லிஸ்பனுக்குக் கொண்டு செல்லப்படும் வேளையில், இனித் திரும்பமாட்டோமென உணர்ந்து, முற்றத்து மரங்களை ஒவ்வொன்றாகக் கட்டியணைத்து விடைபெற்றாராம். தம் முற்றத்து மாவையும் பலாவையும் விட்டுப் பெட்டியோடு வெளியேறிய நம்மவர் எத்தனை பேர்! இப்பகுதியை வகுப்பிற் சொல்லும்போது கேள்வி கேட்ட மாணவரும் தலைகுனிந்திருப்பர்.

புகையிரதத்தில் வடக்கே அவெய்ரோவுக்குச் சென்றோம். சதுரஞ் சதுரமாக உப்பளங்கள், வெயிலில் வெண்குவியல்கள். ஆனையிறவைக் கண்டவர்க்கு அவ்விடம் புதிதன்று. அங்கிருந்து சிறிது தொலைவில் இல்யாவோ என்ற ஊரின் கடற்காட்சிச்சாலையில் ‘டோரி’ என்னும் தட்டையடிச் சிறுதோணிகளை வைத்திருக்கின்றனர். வெள்ளைப் பாய்க்கப்பல்கள் இளவேனிலில் லிஸ்பனிலிருந்து புறப்படும். நியூபவுண்ட்லாந்து, கிறீன்லாந்துக் கடல்களிற் கப்பலை நிறுத்தி, விடியுமுன்னர் ஒரு தோணிக்கு ஒருவராக இறக்கி விடுவர். பல நூறு தூண்டில் கோத்த நீள்கயிற்றை அவர் தனியே இட்டுத் தனியே இழுக்கவேண்டும். மூடுபனி இறங்கினால் தாய்க்கப்பலின் ஊதுகுழலே வழிகாட்டி; கேளாதவர் திரும்புவதில்லை. உலகிற் பிறரெல்லாம் கைவிட்ட பின்னரும் இம்முறை 1974வரை நடந்தது.

அங்கே எழுபது கடந்த முதியவர் ஒருவர் வந்தவர்க்கு விளக்கஞ் சொல்லிக்கொண்டிருந்தார். அவரே தோணியிற் போனவராம். விரல்கள் கயிறுபோல் முறுகியிருந்தன. ஆறு பருவம் கொட் மீனுக்குச் சென்றால் படைச்சேவை இல்லை என்பது அந்நாளையச் சட்டம். 1961 முதல் ஆபிரிக்காவில் மூன்று நாடுகளிற் போர் நடந்துகொண்டிருந்தது. “ஆபிரிக்கர் எனக்கு என்ன செய்தனர்? அதனாற் கடலுக்குப் போனேன். அம்மா ஆறு மாதமும் கறுப்பே உடுத்தியிருந்தார்” என்றார். எம் புத்தகப் போர்த்துக்கேயத்தைப் பொறுத்துக்கொண்டு, எந்நாட்டவர் என வினவினார். சொன்னோம்.

“எங்களவர் அங்கே வந்தனரல்லவா? நல்லது செய்தனரா?”

சிறிது தயங்கினோம். விருந்தினராய் வந்த இடத்தில் முகமன் கூறிவிட்டுப் போகலாம். ஆயினும் அம்முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மனம் வரவில்லை. “எங்கள் கோயில்களை இடித்தனர். எங்கள் அரசனைக் கொண்டுபோய்க் கொன்றனர்” என்றோம்.

அவர் தோணியின் விளிம்பைத் தடவிக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “எங்கள் குடும்பத்தில் எவரும் இந்தியாப்பக்கம் போகவில்லை. பாட்டன், அப்பன், நான், எல்லோரும் மீனுக்கே போனோம்” என்றார். அது தற்காப்பும் அன்று, மன்னிப்பும் அன்று. தம் வீட்டுத் தோம்பை விரித்துக் காட்டினார்போலும்.

எம் இல்லாளுக்கு அவர் பேச்சு முழுவதும் விளங்கவில்லை. மொழிபெயர்த்துச் சொன்னோம். அவர் சற்றுக் கண்கலங்கிவிட்டு, “இவையின்ரை அம்மா பாவம்” என்றார். அதன்பின் இருவரும் எம்மை நடுவில் வைத்துக்கொண்டு கருவாட்டைப்பற்றிப் பேசத் தொடங்கிவிட்டனர். நம்மூரில் எப்படிச் சமைப்பீர்கள் என்று முதியவர் கேட்டார். கழுவிப் பொரிப்போம், கத்தரிக்காயோடு குழம்பும் வைப்போம் என்று எம் இல்லாள் கூறினார்.

“எவ்வளவு நேரம் ஊறவிடுவீர்கள்?”

“ஊறவிடுவதில்லை. கழுவினாற் போதும்.”

முதியவர் இரு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். “இரண்டு நாள், சென்யோரா! இரண்டு நாள்! குளிர்ந்த நீரில்! நீரை மாற்றி மாற்றி!” என்று விரல்களை விரித்து எண்ணிக் காட்டினார். எம் இல்லாள் கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.